மதியத்துக்குப் பின் கெட்டியான மண்

சாமுண்டீஸ்வரியை யாராவது அடங்காப்பிடாரி என்று சொன்னால் நான் மறுத்துப் பேசுவதில்லை. அடங்கினவர்கள் நாங்கள் ஆறு பேர் அந்த ஆபீசில் இருந்தோம். எங்களால் எந்தக் கட்டடத்துக்கும் ஒரு நன்மையும் விளைந்ததில்லை.

ஆபீஸ் என்றால் குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு மாவு மில்லின் மாடியில் இரண்டு அறை. மண் பரிசோதனை நிறுவனம். கட்டடம் கட்டுகிறவர்கள் வருவார்கள். அவர்கள் மனையில் துளை போட்டு, அடியில் என்ன மண், எவ்வளவு பாரம் தாங்கும் என்று அறிக்கை கொடுப்போம். முதலாளி சாம்பசிவன் சார். நான் வேதசிரோமணி, கிழக்குத் தாம்பரத்துக்காரன். துளைக்குள் கண்ட மண்ணை டிரேசிங் தாளில் அடுக்கடுக்காக மையில் வரைந்து கொடுப்பது என் வேலை. மணலுக்குப் புள்ளி, களிமண்ணுக்குச் சாய்கோடு. பதினைந்து வருஷம் சாய்கோடு போட்டே முதுகு சாய்ந்தவன் நான்.

சாமுண்டீஸ்வரி எண்பத்தெட்டில் டிப்ளமோ முடித்த கையோடு வந்து சேர்ந்தாள். பொழிச்சலூர். அப்பா தனக்கோடி ஏரியோரத்து நிலத்தையெல்லாம் மனை போட்டு விற்றுவிட்டு, கடைசியாக ஒன்றரை கிரவுண்டை மட்டும் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். அண்ணன் ஜெயவேலு, பம்மலில் கம்பியும் சிமெண்டும் விற்கிற கடை வைத்திருந்தார். சாம்பசிவன் சார் அவளை ஆபீசில் உட்கார்ந்து கணக்குப் போடச் சொன்னார். "வெயில்ல நிக்கிறதுக்குத்தான் சார் படிச்சேன்" என்று சொல்லிவிட்டு அவள் சைட்டுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து கள நோட்டில் எண்களை எழுதுவதும், அடியில் கையெழுத்துப் போடுவதும் அவள்தான்.

பெண்ணுக்கும் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்த புதிது அது. கல்யாணம் ஆகாதவள், சட்டத்தில் அவளுக்கு இடமிருந்தது. அண்ணனிடம் போய் நேராகக் கேட்டாள். வீட்டில் ஒரு மாசம் அடுப்பைத் தவிர எல்லாம் புகைந்தது. கடைசியில் ஜெயவேலு இறங்கி வந்தார். அந்த ஒன்றரை கிரவுண்டில் வீடு கட்டலாம், கீழே தனக்கு, மேலே முதல் மாடியும் இரண்டாம் மாடியும் அவளுக்கு என்று பத்திரத்தில் எழுதிக் கொடுத்தார். எண்பத்தொன்பது கடைசியில் மண் பரிசோதனையும் நடந்தது. தங்கையே வந்து செய்தாள். தொண்ணூறில் கீழ்த்தளம் எழும்பிவிட்டது. தொண்ணூற்றிரண்டு ஆவணியில் மாடிக்கு நாள் குறித்திருந்தார்கள். இதையெல்லாம் அவள் என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று கணக்கில்லை. "எங்க ஊர்ல பொண்ணு பேர்ல மாடி எனக்குத்தான் சார் மொதல்ல" என்பாள். அந்தப் பெருமை அவளுக்குத் தகும்.

இனி, அந்தச் சோதனை எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். மூன்று கால் நட்டு, உச்சியில் ஒரு உருளை. துளைக்குள் இரும்புக் கம்பி இறங்கும், கம்பியின் நுனியில் ஒரு குழாய். மேலே அறுபத்து மூன்றரை கிலோ சம்மட்டி. நாலு பேர் கயிற்றை இழுத்து அதை எழுபத்தைந்து சென்டிமீட்டர் உயரம் தூக்கிச் சட்டென்று விட வேண்டும். குழாய் ஓர் அடி மண்ணுக்குள் இறங்க எத்தனை தடவை சம்மட்டி விழுந்தது என்று எண்ண வேண்டும். ஒன்றரை மீட்டருக்கு ஒரு தடவை இப்படி. எண் கூடினால் மண் கெட்டி, குறைந்தால் இளக்கம். களிமண்ணில் நாலு முதல் எட்டு வரை என்றால் சுமார், எட்டுக்கு மேல் என்றால் கெட்டி என்று ஓர் அட்டவணை சாம்பசிவன் சாரின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில், பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும். இரண்டையும் அவர் ஒரே பக்தியோடுதான் பார்ப்பார்.

தொண்ணூற்றிரண்டு மே மாதம், சிட்லபாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடி வேலை வந்தது. மூன்று துளை, மூன்றிலும் ஏரிக் களிமண். நான் வழக்கம்போல எண்களைப் பார்த்து வரைந்தேன். முதல் துளையில் நாலு, பத்து, ஐந்து. அதாவது மேலேயும் கீழேயும் இளகின களி, நடுவில் கெட்டியாக ஓர் அடுக்கு. அந்தக் கெட்டி அடுக்கு முதல் துளையில் மூன்று மீட்டரில் இருந்தது, இரண்டாவதில் நாலரையில், மூன்றாவதில் ஆறில். மூன்றையும் கோடு போட்டுச் சேர்த்தால் ஏரியைப் பார்த்து அழகாகச் சரிந்து இறங்கியது. சாம்பசிவன் சாருக்கு ஒரே சந்தோஷம். பழைய காலத்தில் ஏரி வற்றிக் காய்ந்த கரை இது என்று ஒரு பத்தி எழுதினார். அந்த அடுக்குக்கு நான் நெருக்கமாகச் சாய்கோடு போட்டு, ஓரத்தில் கொஞ்சம் அலங்காரமும் பண்ணினேன்.

சாமுண்டீஸ்வரி படத்தைப் பார்த்தாள். தன் கள நோட்டைப் பார்த்தாள். அவளுக்கு ஒரு பழக்கம், ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் மணியும் எழுதி வைப்பாள். நாங்கள் அதைக் கிண்டல் பண்ணுவோம், பஞ்சாங்கம் பார்க்கிறாள் என்று.

"வேதா சார், இது மண்ணு அடுக்கு இல்ல" என்றாள். "இது சாப்பாடு."

எனக்கு விளங்கவில்லை. அவள் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். முதல் துளை அன்று சாமான் வந்து சேரத் தாமதம், பத்து மணிக்குத்தான் ஆரம்பித்தார்கள். மூன்று மீட்டர் போவதற்குள் சாப்பாட்டு வேளை. வெயில் தாங்கவில்லை என்று இரண்டாவது துளையை எட்டரைக்கு ஆரம்பித்தார்கள், நாலரை மீட்டரில் சாப்பாடு. மூன்றாவதை ஏழு மணிக்கு, ஆறு மீட்டரில் சாப்பாடு. அந்த வெயிலில் சாப்பிட்டு எழுந்த பிறகு ஒரு சோதனைதான் முடியும், மிச்சம் மறுநாள் காலை. அந்த ஒரு சோதனைதான் மூன்று துளையிலும் பத்து. வயிறு நிறைந்து கை சோர்ந்தவர்கள் சம்மட்டியை முழு உயரம் தூக்காமல் விட்டிருக்கிறார்கள். அடி இளைத்துப்போனதால் குழாய் இறங்கக் கூடுதல் தடவை விழ வேண்டியதாகி எண் ஏறிவிட்டது. நான் நாலு பேர் சாப்பிட்ட மத்தியானச் சோற்றை மையில் வரைந்து, ஏரியை நோக்கிச் சரிய விட்டிருக்கிறேன்.

சாம்பசிவன் சாரிடம் போனாள். அவர் சிரித்தார். "களிமண்ணுக்கு ஏதும்மா லஞ்ச் டைம்?"

"களிமண்ணுக்கு இல்ல சார். கயிறு இழுக்கிறவங்களுக்கு இருக்கு."

மறுநாள் அவள் அதே சைட்டில் மறுபடி மூன்று கால் நட்டு, சம்மட்டி ஓடும் தண்டில் எழுபத்தைந்து சென்டிமீட்டருக்குச் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு போட்டாள். இரண்டு மணிக்குப் பார்த்தால் சம்மட்டி கோட்டைத் தொடவே இல்லை, ஐம்பதில் திரும்பி விழுந்துகொண்டிருந்தது. கயிறு இழுக்கும் கூட்டத்துக்குத் தலைவர் பொன்னுரங்கம். அனகாபுத்தூர்க்காரர், இருபது வருஷம் சம்மட்டி தூக்கியவர். அவருக்கு வந்ததே கோபம்.

"இன்னா சாமுண்டி, நாங்க இன்னா வேலைக்கு வஞ்சனை பண்றோமா? கோடு போட்டு வேவு பாக்குறியா?"

அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒருவரை நகரச் சொல்லி, கயிற்றைப் பிடித்தாள். இருபது தடவை இழுப்பதற்குள் அவள் பக்கம் கயிறு தொய்ந்து, சம்மட்டி நாற்பத்தைந்துக்கு வந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், கையில் தோல் உரிந்திருந்தது.

"என் கையும் தளருதுண்ணா. கை தளர்றது தப்பே இல்ல. தளர்ந்த கையால வந்த எண்ணை முழுக் கைன்னு நெனச்சு எழுதினதுதான் தப்பு. எழுதினது நான். உங்களை யாரு கேக்கப்போறா?"

பொன்னுரங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மத்தியானத்துக்கு ஆறு பேர் வேண்டும் என்று அவரே கேட்டார். ஆறு பேர், சிவப்புக் கோடு வரை, பழைய துளைக்கு ஐந்தடி தள்ளி அதே ஆழம். பத்து இருந்த இடத்தில் ஐந்து வந்தது.

அதோடும் அவள் விடவில்லை. ஆபீசில் ஒரு மரப்பெட்டி இருந்தது. என்றோ ஒரு சர்க்கார் டெண்டருக்காக வாங்கியது. களிமண்ணுக்கென்றே செய்த கருவி, நாலு இறக்கை வைத்த ஒரு தண்டு. அதைக் களிக்குள் குத்தி, மேலே கைப்பிடியை மெல்ல மெல்லத் திருகினால், களி தாங்கும் வரை தாங்கி, பிறகு பிடி விடும். விடுகிற நேரத்தில் மேலே அளவு முள் காட்டுவதுதான் களியின் பலம். சம்மட்டி இல்லை, கயிறு இல்லை, சாப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வருஷத்துக்கு ஒரு தரம் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்துக்கொள்வதைத் தவிர அந்தப் பெட்டி வேறு வேலை பார்த்ததில்லை. அவள் அதைத் தூக்கிப் போய் மூன்று துளையிலும் திருகினாள். எல்லா ஆழத்திலும் ஒரே மாதிரி, சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோ. பத்து என்ற எண்ணை நம்பினால் அரை கிலோவுக்கு மேல் இருந்திருக்க வேண்டும். காய்ந்த கரை என்று ஒன்று அங்கே இருந்ததே இல்லை.

சாம்பசிவன் சார் கெட்டவர் இல்லை. சிட்லபாக்கம் அறிக்கையைத் திருத்தினார், தனித்தனி அஸ்திவாரம் வேண்டாம், அடி முழுக்க ஒரே தளமாகப் போடுங்கள் என்று எழுதினார். காய்ந்த கரைப் பத்தியை அடித்து நீக்கியபோது மட்டும் அவருக்குக் கொஞ்சம் வலித்தது. இத்தோடு முடிந்தது என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

அவள் பீரோவைத் திறந்து நாலு வருஷத்துக் கள நோட்டுகளை எடுத்து மேஜையில் போட்டாள். மணி எழுதியிருந்தாளே, அந்தப் பஞ்சாங்கம்! மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். களிமண் உள்ள இடம், மதியத்துக்குப் பின் எடுத்த எண், அந்த எண்ணை நம்பி எழுதின அறிக்கை. பதினோரு கட்டடம் தேறின.

"சார், இவங்க பதினோரு பேருக்கும் எழுதணும்" என்றாள்.

சாம்பசிவன் சார் கதவைச் சாத்தினார். என்னை வெளியே போகச் சொல்ல மறந்துவிட்டார். நான் எப்போதும் மறந்துபோகக்கூடிய ஆள்தான்.

"எல்லாம் நின்னுகிட்டுத்தானம்மா இருக்கு? எது விழுந்துச்சு?"

"இன்னும் முழுசா கட்டல சார். பாதிப் பேரு மாடிக்குக் கம்பி விட்டு வச்சிருக்காங்க. ஏத்தினா இறங்கும்."

"நீ எழுதின லெட்டர் வெளியே போச்சுன்னா நாளைக்கு இந்த ஆபீஸ் வாசல்ல யாரு வருவா? ஏழு குடும்பம்மா."

"பதினோரு குடும்பம் சார்."

"அதெல்லாம் உன் கையெழுத்து. ஞாபகம் இருக்கட்டும்."

"அதனாலதான் சார் நான் எழுதுறேன்."

அவள் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். மேலே இருந்த முதல் உறையில் முகவரியைப் பார்த்தேன். ஜெயவேலு, பொழிச்சலூர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எண்பத்தொன்பதில் அந்த மனையில் துளை போட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காசு வாங்காமல் வேலை செய்ய வந்தவர்கள் என்று சாமுண்டீஸ்வரி எங்களுக்கு விருந்து வைத்தாள். மட்டன் பிரியாணி, தால்ச்சா, முட்டை. பொன்னுரங்கத்துக்கு அவளே இரண்டாம் தடவை பரிமாறினாள். நானும்தான் ஒரு பிடி பிடித்தேன். அதற்குப் பிறகு, இரண்டரை மணிக்கு எடுத்த எண் பதினொன்று. "நம்ம மண்ணு கெட்டிண்ணா, மூணு தளம் தாங்கும்" என்று அண்ணனிடம் அவளே சொன்னாள். தன் வீட்டு மண்ணைத் தன் கையால் பரிமாறிக் கெட்டியாக்கியிருந்தாள்.

நான் மெதுவாகச் சொன்னேன். "இதை விட்டுடும்மா. மத்த பத்தை அனுப்பு. உங்க வீட்டுக்கு வேணும்னா நீயே ரகசியமா அஸ்திவாரத்தைப் பார்த்துக்க. மாடி உன்னோடது. எத்தனை பேர்கிட்ட சண்டை போட்டு வாங்கினே!"

"சண்டை போட்டு வாங்கினேன்தான். அதுக்காவ அண்ணன், அண்ணி, புள்ளைங்க தலைமேல ஏறி உக்காருவேனா சார்? மொதல்ல என் வூட்டுக்கு எழுதாம மத்தவங்களுக்கு எழுதினா, அது என்னா எழுத்து?"

பதினோரு கடிதம், எல்லாம் பதிவுத் தபால். "நான் கொடுத்த எண்கள் நம்பத்தக்கவை அல்ல. தவறு என்னுடையது. மறுபடி சோதிக்காமல் மேல்தளம் எழுப்ப வேண்டாம்." அடியில் அவள் பெயர் முழுசாக. சாம்பசிவன் சார் மறுநாளே அவளை நிறுத்திவிட்டார். அனுபவச் சான்றிதழை அவரே எழுத உட்கார்ந்தார். "மத்தியானம் வரைக்கும்தான் நல்லா வேலை பாத்தான்னு எழுதிடாதீங்க சார்" என்றாள். நாங்கள் ஒருத்தரும் சிரிக்கவில்லை, ஒருத்தரும் அவளுக்காக வாயைத் திறக்கவும் இல்லை. எனக்கு இன்றைக்கும் அந்த வெட்கம் இருக்கிறது.

ஜெயவேலு மூன்றாம் நாள் கடிதத்தோடு ஆபீசுக்கே வந்தார். அவள் மேஜையிலிருந்த சாமான்களைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கீழே மாவு மில் ஓடுகிற சத்தத்தையும் மீறி அவர் குரல் கேட்டது.

"பங்கு வோணும்னு கேக்கசொல்ல சட்டம் பேசினே. குடுக்கசொல்ல மண்ணு பேசறியா? ஊர்ல இன்னா சொல்லுவாங்க தெரியுமா? தங்கச்சிக்கு மாடி குடுக்க மனசில்லாம அண்ணங்காரன் அவ வாயாலயே வேணான்னு சொல்ல வச்சுட்டான்னு சொல்லுவாங்க. என் மானத்த வாங்குறியே!"

"உன் மானம் நிக்கும்ணா. வூடுதான் நிக்காது."

"நான் தெனம் படுத்துத் தூங்குற வூடு. ஒரு விரிசல் கீதா? வா, வந்து அடி. என் கண்ணு முன்னாடி அடி. அதே ரெண்டரை மணிக்கு அடி. பதினொண்ணு வரலன்னா பாத்துக்கலாம்."

அந்த ஞாயிறு பொன்னுரங்கம் தன் ஆட்களோடு பொழிச்சலூர் வந்தார். மூன்று கால் அவருடைய சொந்தச் சாமான்தான். மரப்பெட்டியை நான் கொண்டுபோனேன். யாரையும் கேட்காமல், சனிக்கிழமை சாயங்காலம் டி.வி.எஸ். ஐம்பதில் வைத்துக் கட்டிக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே திருட்டு அது. கர்த்தர் மன்னிப்பார், மன்னிக்காவிட்டாலும் எனக்குக் கவலையில்லை.

அன்று யாரும் யாருக்கும் சோறு போடவில்லை. அண்ணி ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். சரியாக இரண்டரைக்கு ஆரம்பித்தார்கள். ஜெயவேலு சட்டையைக் கழற்றிப்போட்டுவிட்டுத் தானே கயிற்றைப் பிடித்தார். மூட்டை தூக்கிப் பழகின உடம்பு. சிவப்புக் கோட்டைத் தாண்டிக்கூட சம்மட்டி ஏறியது. "கோட்டுக்கு மேல போவாதண்ணா, சரியா கோட்டுல விடு" என்று சாமுண்டீஸ்வரி கத்தினாள். உயரம் கூடினதால்தான் எண் குறைந்துவிட்டதென்று பின்னால் பேச்சு வரக்கூடாதாம். அடியை அவரே உரக்க எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. குழாய் ஓர் அடி இறங்கிவிட்டது.

அவர் கயிற்றை விடவில்லை. "இன்னொரு வாட்டி."

ஆறடி தள்ளி இன்னொரு துளை. அது முடிய ஐந்து மணி ஆயிற்று. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அவ்வளவுதான்.

சாமுண்டீஸ்வரி மரப்பெட்டியைத் திறந்து, இறக்கைத் தண்டை இறக்கி, கைப்பிடியை அவரிடம் கொடுத்தாள். மெதுவாகத் திருகச் சொன்னாள். அவர் திருகினார். முள் ஏறியது, கால் கிலோவை எட்டியது, நின்றது. அடுத்த திருகலில் கைப்பிடி லேசாகிவிட்டது. அவர் வீட்டுக்கு அடியில் இருந்த களி அவர் கைக்குள்ளேயே பிடி விட்டது. முள்ளைப் படிக்க அவருக்குத் தெரியாது, ஆனால் கை தெரிந்துகொண்டது. 

"அஸ்திவாரத்தை அகலப்படுத்த வழி கீதுண்ணா" என்றாள் அவள். குரல் முதல் தடவையாக உடைந்திருந்தது. "நிறைய தோண்டணும். நான் நின்னு செஞ்சு தரேன்."

"ஒண்ணும் வேணாம்" என்றார். சட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அந்த வாரமே மொட்டை மாடியில் மேல்தளத்துக்கென்று நீட்டி விட்டிருந்த கம்பிகளையெல்லாம் அவரே ரம்பம் வைத்து அறுத்து, சிமெண்ட் பூசி மூடினார் என்று பொன்னுரங்கம் வந்து சொன்னார். தங்கைக்குச் சேர வேண்டியதற்குப் பதிலாகக் கடையில் பாதியை எழுதி வக்கீல் மூலமாக அனுப்பினார். அவள் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினாள். அதிலிருந்து அவர் அவளோடு பேசவில்லை.

மற்ற பத்துப் பேரில் ஒருத்தர் வந்து அவளைத் திட்டினார், ஒருத்தர் வக்கீல் நோட்டீஸ் விட்டார், மூன்று பேர் மறுபடி சோதனை செய்யச் சொன்னார்கள். மிச்சப் பேரிடமிருந்து சத்தமே இல்லை. அந்த மூன்று பேரை வைத்துத்தான் அவள் தாம்பரம் சானடோரியத்தில் ஒரு வாடகை வீட்டின் முன்னறையில் சொந்தமாகத் தொழில் ஆரம்பித்தாள். பொன்னுரங்கம் அவளோடு போய்விட்டார். நான் அடுத்த வருஷம் போனேன், எதையும் கொஞ்சம் தாமதமாகச் செய்வதுதான் என் வழக்கம். அங்கே மத்தியானத்துக்கு ஆறு பேர், அது சட்டம். குறைந்த ஆளோடு முடித்துத் தரச் சொன்ன எத்தனையோ பேரை வாசலோடு திருப்பியிருக்கிறாள்.

தொண்ணூற்றேழில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை அவளுக்கு வரவில்லை, எனக்கு வந்தது. பொழிச்சலூர் வீட்டுக்குப் போய்விட்டு வந்து, சாப்பாடு நன்றாக இருந்தது, அண்ணன் தலை நரைத்துவிட்டது, உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். அவள் கண் கலங்கியது. மறைக்கவும் இல்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டு கள நோட்டைப் பிரித்தாள்.

"வூட்டுல விரிசல் ஏதாவது கீதா, பாத்தீங்களா?"

"சுத்திப் பாத்தேன். ஒண்ணுகூட இல்ல."

"பேசாட்டி போவட்டும் சார்" என்றாள்.